மொத சம்பளத்துல கிராஃபிக்ஸ் கார்டு வாங்காதீங்க: பெங்களூர் பிஜி ரூம்ல கேம் ஆடுறது எப்படி

போன மாசம் எங்க சித்தப்பா பையன் பெங்களூர் வந்து சேந்தான். மாரத்தஹள்ளில பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி), மூணு பேர் ஷேரிங், வொயிட்ஃபீல்ட் பக்கம் ஆபீஸ். மொத சம்பளம் அக்கவுண்ட்ல விழுந்த அன்னிக்கு ராத்திரியே மெசேஜ், "அண்ணே ஒன்றரை லட்சத்துல ஒரு பிசி பில்ட் போட்டுக் குடுங்கண்ணே, இஎம்ஐ கட்டிக்கிறேன்". நான் ஃபோன் பண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ஏன்டா தம்பி அதை எங்க வைப்ப? கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. ரூம்ல கட்டில், கட்டிலுக்கு அடியில சூட்கேஸ், மூணு பேருக்கும் சேத்து ரெண்டு ப்ளக் பாயிண்ட், அதுல ஒண்ணுல எப்பவும் எவனோ ஒருத்தனோட கெட்டில் சொருகி இருக்கும். அன்னிக்கு அவன்கிட்ட ஒரு மணி நேரம் பேசினதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்க எழுதுறேன். இந்த ஊருக்கு வந்து 9 வருஷம் ஆச்சு, இதுல பண்ண வேண்டிய தப்பு எல்லாத்தையும் சொந்தக் காசுல பண்ணி முடிச்ச ஆளு நான்.

மொதல்ல மணிக்கணக்கு போடுங்க, காசுக் கணக்கு அப்புறம். காலைல எட்டரைக்குக் கெளம்புனா ராத்திரி எட்டரைக்கு ரூம், டிராஃபிக்குக்குப் பேர் போன சில்க் போர்டு வழியா வர்றவனுக்கு அதுவும் உறுதி இல்ல. சாப்பிட்டு, குளிச்சு, அம்மாகிட்ட ஃபோன் பேசி முடிச்சா மணி பத்து. பன்னெண்டுக்குப் படுக்கணும்னா மிச்சம் ரெண்டு மணி நேரம், அதுலயும் பாதி நாள் கை ஃபோனத்தான் எடுக்கும், கேம திறக்காது. சனிக்கிழமை துணி துவைக்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஊருக்கு பஸ். உண்மையா எண்ணிப் பாத்தா வாரத்துக்கு 7, 8 மணி நேரம் தேறுனா பெருசு. விட்ச்சர் 3ன்னு ஒரு கேம்ல சைடு வேலை எதையும் தொடாம கதைய மட்டும் ஓட்டுனாலே 50 மணி நேரம் கிட்ட வரும், அதாவது உங்க ஒன்றரை மாசத்துக்கு மேல. இந்தக் கணக்கு தெரிஞ்சா ஒன்றரை லட்சம் தானா அம்பதாயிரமா எறங்கும், பல பேருக்கு பூஜ்யத்துக்கே எறங்கும்.

பூஜ்யம்னு சும்மா சொல்லல. காலேஜ்ல வாங்குன லேப்டாப் ஒண்ணு எல்லார்கிட்டயும் இருக்கும், அதுல இருந்தே ஆரம்பிங்க. ஹாலோ நைட், ஸ்டார்ட்யூ வேலி, ஹேடீஸ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, இதெல்லாம் தனி கிராஃபிக்ஸ் கார்டு (ஸ்க்ரீன்ல படம் வரையறதுக்குன்னே மாட்டுற பார்ட்) இல்லாமலே ஓடும், இதுல ஒண்ணு கூட காசுக்காக சகிச்சுக்கிட்டு ஆடுற கேம் கிடையாது, ஸ்டார்ட்யூ வேலிய ஒத்த ஆளு உக்காந்து வருஷக்கணக்கா செஞ்சு 2016ல விட்டாரு, இன்னிக்கும் அதுல ஒரு நாள் விவசாயம் பாத்துட்டுப் படுத்தா எனக்குத் தூக்கம் நல்லா வருது. லேப்டாப்புக்கு செலவு பண்ணணும்னா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. பின்னாடி மூடியக் கழட்டிப் பாத்து ராம் ஸ்லாட் ஒண்ணு காலியா இருந்தா, இருக்குற ராம் மாதிரியே அதே வேகத்துல இன்னொரு ஸ்டிக் போடுங்க. உள்ளயே வர்ற கிராஃபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாது, ராமத்தான் பங்கு போட்டுக்கும், ஒத்த ஸ்டிக்னா அது ஒத்தையடிப் பாதை, ரெண்டாச்சுன்னா ரெட்டை வழி ரோடு. என் பழைய லேப்டாப்ல திக்கித் திக்கி ஓடிக்கிட்டிருந்த ஹேடீஸ் இதுக்கப்புறம் வழுக்கிட்டுப் போச்சு. சில மெல்லிசான மாடல்ல ராம போர்டோடயே ஒட்டி வெச்சிருப்பாங்க, அதனால காசு குடுக்குறதுக்கு முன்னாடி மாடல் நம்பர் போட்டுத் தேடிக்கிங்க. அப்புறம் தயவுசெஞ்சு மெத்தை மேல வெச்சு ஆடாதீங்க, அடியில காத்து போற ஓட்டைய மெத்தை அடைச்சுரும், சூடு ஏறும், சூடு ஏறுனா வேகத்தை அதுவே கொறைச்சுக்கும், நீங்க கேம திட்டிக்கிட்டு இருப்பீங்க. பின்பக்கம் ரெண்டு பாட்டில் மூடி வெச்சுத் தூக்குனாலே வித்தியாசம் தெரியும்.

ஆபீஸ் லேப்டாப்ல ஸ்டீம் (ஆன்லைன்ல கேம் விக்கிற கடையோட ஆப்) போடலாமான்னு கேக்காதீங்க. எங்க டீம்ல ஒருத்தன் போட்டான், மறுநாள் மேனேஜரையும் சேத்து செக்யூரிட்டி டீம்ல இருந்து மெயில் வந்துச்சு. அவ்ளோதான் அந்தக் கதை.

சரி, பிசி வேணும், தனி ரூம் எடுத்தாச்சு, டேபிள் இருக்கு, அப்ப எஸ்பி ரோடு போங்க. சாதர் பத்ரப்பா ரோடுன்னு முழுப் பேரு, அப்படிச் சொன்னா ஆட்டோக்காரருக்கே தெரியாது. மெட்ரோல பச்சை லைன்ல சிக்பேட்ல எறங்கி நடக்குறதுதான் நல்லது, வண்டில போனா பார்க்கிங் தேடியே ஆயுசு போயிரும். சனிக்கிழமை போங்க, ஞாயித்துக்கிழமை முக்காவாசி ஷட்டர் மூடி இருக்கும். போனதும் மொதக் கடைலயே வாங்கிராதீங்க, ஒரு பேப்பர்ல பார்ட்ஸ் பேரெல்லாம் எழுதிக்கிட்டு அஞ்சு கடைல கொட்டேஷன் வாங்குங்க, அஞ்சாவது கடைக்காரர்கிட்ட மத்த நாலு பேப்பரையும் காட்டுங்க. கன்னடம், இந்தி, தமிழ் மூணும் அங்க செல்லும், "பாஸ், லாஸ்ட் எவ்ளோ" அப்படிங்கறது மூணுக்கும் பொது.

புதுசுல ஏமாத்துறது கம்மி, செகண்ட் ஹேண்டுலதான் விஷயமே இருக்கு. என் கதையவே சொல்றேன். 2018 கடைசில கிரிப்டோ விலை விழுந்து, மைனிங்ல, அதாவது கிரிப்டோ காசு எடுக்குற வேலைல, ராப்பகலா ஓடுன கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. ஒரு சந்துக்குள்ள மாடிப்படி ஏறிப் போற கடை, கவுண்டர்ல 1060ன்னு ஒரே மாடல் கார்டு பத்து பதினஞ்சு இட்லி அடுக்குன மாதிரி அடுக்கி வெச்சிருந்தாரு. எனக்கு அப்பவே பொறி தட்டியிருக்கணும், ஒரே மாடல் பதினஞ்சு கார்டு எந்த வீட்டுல இருந்து வரும்? "ஒன்லி கேமிங் யூஸ் சார்"னு சொன்னாரு, நானும் தலையாட்டினேன். ஒரு நிமிஷம் டிஸ்ப்ளே காட்டுனாரு, விண்டோஸ் வந்துச்சு, கையில குடுத்துட்டாரு. பில்லுன்னு ஒரு துண்டுச் சீட்டுல "1060 ஓகே"ன்னு எழுதி கீழ ஒரு கிறுக்கல். மூணு வாரம் நல்லா ஓடுச்சு. நாலாவது வாரம் ஸ்க்ரீன் முழுக்க பச்சப் புள்ளி, கொசு மொய்ச்ச மாதிரி. எடுத்துட்டு ஓடுனேன், "செக் பண்ணித்தானே சார் வாங்கிட்டுப் போனீங்க" அப்படின்னுட்டாரு, அவர் சொன்னதும் ஒரு வகையில நியாயம்தான், ஆனா அன்னிக்கு அந்தப் படிக்கட்டுல எறங்கும்போது வந்த கடுப்பு இன்னும் போகல.

அதனால செகண்ட் ஹேண்ட் கார்டுன்னா இப்படிப் பாருங்க. மொதல்ல கார்டு மேல இருக்குற சீரியல் நம்பர், டப்பா இருந்தா டப்பா மேல இருக்குற நம்பர், பில்லுல எழுதுற நம்பர் மூணும் ஒண்ணா இருக்கணும், சீரியல் நம்பர் இல்லாத பில்லு பில்லே இல்ல, வாரண்டி மிச்சம் இருந்தாலும் அது இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. பின்பக்க ஸ்க்ரூ தலைல கீறல் இருந்தா எவனோ கழட்டி மாட்டியிருக்கான்னு அர்த்தம். ஃபேன விரலால சுத்தி விடுங்க, தள்ளாடாம சுத்தணும், கரகரன்னு சத்தம் வரக் கூடாது, மைனிங்ல ஓடுன கார்டுல மொதல்ல சாகுறது ஃபேனும் மெமரி சிப்பும்தான். அப்புறம் முக்கியமானது, கார்டுக்கு முழு வேலை குடுக்குற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டு 15 நிமிஷம் ஓட விட்டு டெம்பரேச்சர் எங்க போய் நிக்குதுன்னு பாருங்க, 85 டிகிரிக்கு மேல ஏறிக்கிட்டே போனா நன்றி சொல்லிட்டு வந்துருங்க. 15 நிமிஷம் ஓட்ட விடமாட்டேன்னு சொல்ற கடைல எனக்கு வேலை இல்ல, உங்களுக்கும் வேண்டாம். அந்த 15 நிமிஷத்துல பக்கத்துல ஒரு காபி குடிச்சிட்டு வரலாம்னு தோணும், போகாதீங்க, கண்ணு ஸ்க்ரீன் மேலயே இருக்கட்டும்.

மானிட்டர் பத்தி ஒரு வரி. ஷூட்டிங் கேம் ஆடுறவங்க மட்டும் 144 ஹெர்ட்ஸ் வாங்குங்க, 60ல ஒரு படம் மாற 16.7 மில்லிசெகண்ட், 144ல 6.9, கையில எடுத்த உடனே தெரியும். கதை கேம் ஆடுறவங்களுக்கு நல்ல கலர் இருந்தா போதும்.

இப்ப பிங். இதுலதான் பசங்க அதிகமா காசக் கொட்டுறாங்க, தப்பான எடத்துல. "அண்ணே 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் லேக் அடிக்குது". தம்பி, எம்பிபிஎஸ்ங்கறது குழாயோட அகலம், பிங்குங்கறது தண்ணி வந்து சேர்ற நேரம். வேலரண்ட்ங்கற ஷூட்டிங் கேமுக்கு நமக்கு சர்வர் மும்பைல. நேர்க்கோட்டுல 840 கிலோமீட்டர் சொச்சம், ஃபைபர்க்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், போயிட்டு வர 8, 9 மில்லிசெகண்ட் ஆகும், அதுக்குக் கீழ எந்தக் கொம்பனாலும் கொண்டு வர முடியாது. கேபிள் சுத்தி வளைச்சுப் போகும், நடுவுல நாலு எடத்துல நிக்கும், அதனால 20ல இருந்து 35க்குள்ள வந்தா நல்ல கனெக்‌ஷன். கவுண்டர் ஸ்ட்ரைக் 2க்கு சென்னைலயும் சர்வர் இருக்கு, நமக்கு அது இன்னும் பக்கம்.

அப்ப 35ல இருந்து திடீர்னு 180க்கு எகிறுதே அது எங்க இருந்து வருது? பத்துக்கு ஒம்போது தடவ உங்க பிஜி வைஃபைல இருந்து. அஞ்சு மாடி, அம்பது பேரு, ராத்திரி பத்து மணிக்கு அம்பது பேரும் படுத்துக்கிட்டு ரீல்ஸ் பாப்பாங்க. கண்டுபிடிக்கிறது சுலபம், கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து உங்க ரூட்டர் அட்ரஸுக்கே, முக்காவாசி 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1, பிங் போட்டுப் பாருங்க. ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட் வர வேண்டிய எடத்துல 90, 120ன்னு குதிச்சா குத்தம் ரூம்லயே இருக்கு, கனெக்‌ஷன் குடுத்தவன திட்டாதீங்க. அங்க ஒழுங்கா இருந்து வெளிய போகும்போது குதிச்சா அப்ப தாராளமா திட்டுங்க. ரூம் குத்தம்னா மருந்து ஒண்ணுதான், 15 மீட்டர் லேன் கேபிள், சில நூறு ரூபா. ஓனர் ஆன்ட்டிகிட்ட ஓட்டை போடலாமான்னு கேட்டா ஒத்துக்க மாட்டாங்க, நான் கதவு ஃப்ரேம் மேலயே டேப் போட்டு ஒட்டி ஜன்னல் வழியா எடுத்தேன், மூணு வருஷம் யாரும் ஒண்ணும் கேக்கல. கேபிளுக்கு வழியே இல்லன்னா 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்க, அது செவுரு தாண்டத் திணறும் ஆனா கூட்டமும் கம்மி.

இந்த ஊரு மழையப் பத்தி சொல்லியே ஆகணும். ஏப்ரல் மே மாசத்துல சாயங்காலம் காத்தோட ஒரு மழை அடிச்சா மரம் சாயும், கரண்ட் போகும். லேப்டாப் பேட்டரில ஓடும், ரூட்டர் செத்துப் போயிரும், நீங்க பாதி மேட்ச்ல விட்டுட்டு ஓடுன கோழைன்னு கேம் எழுதி வெச்சிக்கிட்டு தண்டனை குடுக்கும். ரூட்டருக்குன்னே கையளவுல ஒரு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் விக்குது, என்கிட்ட இருக்குற சாமான்லயே அதுதான் கொடுத்த காசுக்கு மேல உழைச்சது. அது இல்லாதவங்க வானம் கறுத்திருந்தா ரேங்க்டு (ஜெயிச்சா தோத்தா ரேங்க் மாறுற மேட்ச்) பக்கம் போகாதீங்க, ஸ்டார்ட்யூல மாட்டுக்குப் புல்லு போடுங்க.

கேம் வாங்குறதுக்கு வருவோம். ஆடித் தள்ளுபடில அம்மா அஞ்சு சேலை எடுத்துட்டு வந்து பீரோல அடுக்கி வெச்சு மறுபடி அந்தப் பழைய ரெண்டையே கட்டுவாங்கள்ல, நம்ம கேம் லைப்ரரி அந்த பீரோதான். என்னோடதுல 212 கேம் இருக்கு, முடிச்சது 31, இதை வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு. 80% தள்ளுபடிங்கறது நீங்க ஆடப் போற கேமுக்குத்தான் லாபம், ஆடாத கேமுக்கு 20% தண்டம். நான் இப்ப வெச்சிருக்குற சட்டம் இது, ஒண்ணு முடிச்சாத்தான் இன்னொண்ணு வாங்கணும், முடிக்கப் பிடிக்கலன்னா டெலீட் பண்ணிட்டு அதையும் முடிச்சதா வெச்சிக்கலாம். கோடைல ஜூன் கடைசி, அப்புறம் டிசம்பர் கடைசி, ரெண்டு பெரிய சேல் வரும், அதுவரைக்கும் விஷ்லிஸ்ட்ல கிடக்கட்டும். ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குள்ளதான் ஆடியிருக்கீங்கன்னா காசு திரும்பக் கிடைக்கும், இதை நம்மாளுங்க கேக்கவே கூச்சப்படுறாங்க, பிச்சையா எடுக்குறோம்? மொத அரை மணி நேரத்துலயே உங்க மெஷின்ல ஒழுங்கா ஓடுதான்னு பாத்துருங்க, செட்டிங்ஸ்ல உக்காந்து ஒன்றரை மணி நேரத்தைத் தின்னுறாதீங்க, அதுவும் கணக்குல ஏறும்.

ப்ரீ ஆர்டர், அதாவது கேம் வர்றதுக்கு முன்னாடியே காசு கட்டுறது, அதை மட்டும் பண்ணவே பண்ணாதீங்க. சைபர்பங்க் 2077, 2020 டிசம்பர் 10ல வந்துச்சு, பழைய கன்சோல்ல ஆடுனவங்களுக்கு அது கேமா இல்ல தண்டனையான்னு தெரியல, ஒரு வாரம் சொச்சத்துல சோனி தன் கடைல இருந்தே எடுத்துருச்சு, மறுபடி விக்க வந்தது 2021 ஜூன்ல. 2023 செப்டம்பர்ல 2.0 அப்டேட் வந்தப்புறம் அதே கேம் அருமையா மாறிருச்சு, நான் அப்பத்தான் சேல்ல வாங்கி ஆடுனேன். அவசரப்பட்டவன் முழு விலை குடுத்து உடைஞ்சதை ஆடுனான், சோம்பேறி பாதி விலைக்கு நல்லதை ஆடுனான்.

ஃப்ரீ கேம்னு சொல்லிக்கிட்டு உள்ள லாட்டரி வெச்சிருக்குற வகை ஒண்ணு இருக்கு. கென்ஷின் இம்பேக்ட்ல அஞ்சு நட்சத்திர ஆளு விழுற வாய்ப்பு ஒரு இழுப்புக்கு 0.6%, 90 இழுப்புல கட்டாயம் ஒண்ணு வரும், ஆனா அது நீங்க கேட்ட ஆளா இருக்க வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம்தான் மேல, வரலன்னா அடுத்த 90. சுத்திப் பாக்க அந்த ஊரு அவ்ளோ அழகு, நானும் நடந்திருக்கேன், ஆனா என் பழைய ரூம்மேட் ஒருத்தன் மெஸ் காசையே அதுல விட்டுட்டு மூணு வாரம் எங்க மேகி நூடுல்ஸ்ல பங்கு கேட்டான். ஆடுங்க, யுபிஐ மட்டும் இணைக்காதீங்க. காசு கட்டி ஆடுற ரம்மி ஆப்பெல்லாம் கேம் லிஸ்ட்லயே சேராது, 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடை பண்ணிருச்சு, நல்லதுதான்.

ஆன்லைன்ல ஆளுங்களோட ஆடுறது எப்படின்னு தம்பி கேட்டான். மும்பை சர்வர்ல மைக் ஆன் பண்ணா மொத நிமிஷத்துல இந்தி, ரெண்டாவது நிமிஷத்துல யாரோட அம்மாவையாவது இழுப்பாங்க, மியூட் பட்டன் அதுக்குத்தான் இருக்கு, பதில் பேசி ஜெயிச்சவன் எவனும் இல்ல. நடுவுல எவனாவது "லெஃப்ட்ல ஒருத்தன் இருக்கான் பாரு"ன்னு வாய் தவறித் தமிழ்ல சொல்லிட்டா போதும், "ப்ரோ தமிழா, எந்த ஊரு"ன்னு மேட்ச நிறுத்திட்டு குலம் கோத்திரம் விசாரிப்போம், அந்த ரவுண்டு தோத்துருவோம், அது ஒரு சுகம். பொண்ணு குரல் கேட்டா மட்டும் மைக்ல வழியுற கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்ககூட இருந்தா நீங்களும் அந்தக் கூட்டம்தான், "கால்அவுட் (எதிரி எங்கன்னு) குடு, மத்ததைப் பேசாத"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

மொபைல்ல ஆடுறவன் கேமரே இல்லன்னு சொல்ற ஆளுங்கள எனக்குப் பிடிக்காது. 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைல தடை பண்ணப்ப எங்க ஊர் ஸ்க்வாடே கலைஞ்சு போச்சு, பிஜிஎம்ஐங்கற புதுப் பேர்ல 2021ல வந்து, 2022 ஜூலைல மறுபடி காணாமப் போயி, 2023 மே மாசம் திரும்பி வந்துச்சு, அத்தனை தடவையும் திரும்பிக் கூடுனது அந்த மொபைல் பசங்கதான். ஈஸி மோட்ல ஆடுறதும் கேவலம் இல்ல. ஹேடீஸ்ல காட் மோடுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, போட்டா மொதல்ல 20% அடி கம்மியா விழும், ஒவ்வொரு தடவை சாகும்போதும் இன்னும் 2% கொறையும். வாரத்துக்கு 8 மணி நேரம் இருக்குறவனுக்கு அதைவிட மரியாதையான ஏற்பாடு வேற எந்த கேம்லயும் நான் பாக்கல.

ஆ, மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குனா ப்ளூ ஸ்விட்ச் வேணாம், ராத்திரி பன்னெண்டு மணிக்கு டைப் ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாதிரி கேக்கும், ரூம்மேட் தலகாணிய எறிவான், எறிஞ்சான்.

கடைசியா ஒண்ணு, வெண்பா. 2023 ஜூலை 31ல வந்த கேம், டொரண்டோல இருக்குற விசை கேம்ஸ் செஞ்சது, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், கறை பட்டு அழிஞ்சு போன அம்மாவோட சமையல் குறிப்பு நோட்டு, அதைப் பாத்து பாத்து சமைக்கணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். எஜிபுராவுல வீடு எடுத்தப்புறம் அம்மா வந்திருந்தப்ப அவங்க கையில கன்ட்ரோலரக் குடுத்தேன். மொத சமையலே இட்லி. நான் பக்கத்துல இருந்து பட்டன் சொல்லிக் குடுக்குறதுக்குள்ள "குழிக்கு நேர குழி வரக் கூடாதுடா, தட்ட திருப்பி வை, இல்லன்னா மேல இருக்குறது கீழ ஒட்டிக்கும்"னு எனக்கு உத்தரவு. அந்தப் புதிருக்கு நான் அஞ்சு நிமிஷம் முழிச்சிருந்தேன். "எண்ணெய் தடவச் சொல்லவே இல்லயே இவன்"னு கேமையும் ஒரு திட்டு திட்டுனாங்க.

சித்தப்பா பையன் கடைசில 8 ஜிபி ராம் ஒண்ணு, லேன் கேபிள் ஒண்ணு, அதோட நிறுத்திக்கிட்டான், இஎம்ஐ ஐடியா இன்னும் முழுசா போகலன்னு நெனைக்கிறேன். ஸ்டீம் மாதிரியே இன்னொரு கேம் கடையான எபிக் ஸ்டோர்ல வாராவாரம் வியாழக்கிழமை ராத்திரி எட்டரைக்கு, குளிர்காலத்துல ஒம்பதரைக்கு, ஒரு கேம் இனாமா விடுவாங்க, 2020 மே மாசம் ஜிடிஏ 5யவே அப்படி விட்டாங்கன்னு அவனுக்குச் சொல்லியிருக்கேன், அலாரம் வெச்சிருக்கான். இன்னிக்கும் வியாழன்தான், மணி எட்டு இருபத்தெட்டு. நான் போய் எடுத்து 213ஆ பீரோல வெச்சிட்டு வர்றேன்.